திருவையாறு, கிளிநொச்சி

திங்கள்

நாகப்பட்டினத்தில் காலையில் கப்பல் ஏறினோம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு இலங்கையின் காங்கேசன்துறை. நான்கு மணி நேரப் பயணம்தான். மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போனால் இதைவிட அதிகமாக இடுப்பு ஒடியும். நாற்பது ஆண்டுகளாக இல்லாமல் இருந்த கப்பல் 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கி, நடுவில் நின்றுபோய், 2024 ஆகஸ்டிலிருந்து 'சிவகங்கை' என்ற பெயரில் மறுபடி ஓடுகிறது.

கணவருக்குப் பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலையில் வேலை. நிறம் பார்த்துக் கல்லையும் கறுத்த அரிசியையும் தள்ளிவிடும் இயந்திரங்களைப் பொருத்திக் கொடுத்துப் பராமரிக்க வேண்டும். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். எனக்கு அவரோடு தங்க விசா உண்டு, சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது. "வேளாண்மை படிச்சுட்டு அங்க போய் சும்மா உக்காந்திருக்கப் போறியா?" என்று அப்பா கேட்டார். கல்யாணமான புதிதில் ஆளுக்கொரு நாட்டில் கிடப்பதற்குச் சும்மா உட்கார்ந்திருப்பது மேல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியாயிற்று.

யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டுவிட்டு ஏ9 சாலையில் வான். சாவகச்சேரி, கொடிகாமம் என்று வேலியோடு வேலி ஒட்டிய வீடுகள். முகமாலை வந்ததும் சாலையோரம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். கண்ணிவெடி எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. உடைந்த தென்னைகளுக்கு நடுவில் கவச உடையோடு குந்தியிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். வானில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எனக்கு மட்டும் கழுத்து வலித்தது.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர், உப்புப் பாத்திகள். அதைத் தாண்டியதும் வீடுகள் ஒன்றையொன்று விட்டு விலகிப் போகின்றன. "இனி வன்னி. இஞ்சால காணி பெரிசு, ஆக்கள் குறைவு" என்றார் வான் ஓட்டுநர். இருட்டிய பிறகு வீடு சேர்ந்தோம். பாயை விரித்துப் படுத்துவிட்டோம். மற்றது நாளை.

செவ்வாய்

காலையில் முதல் வேலை அம்மாவுக்குப் போன்.

"எந்த ஊருடி வீடு?"

"திருவையாறு."

"விளையாடாத. கப்பல் ஏறிப் போனது திருவையாத்துக்கா?"

உண்மையாகவே ஊரின் பெயர் திருவையாறு. கிளிநொச்சி நகரத்துக்குக் கிழக்கே, சைக்கிளில் போய்வரும் தூரம். ஆராதனை கிடையாது, ஐந்து ஆறும் கிடையாது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிப் பாய்ச்சுவதற்காக ஒரு ஏற்று நீர்ப்பாசனத் திட்டம் போட்ட மண் இது. அம்மா நம்பாததால் பஸ் பலகையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

வீடு சின்னது. இரண்டு அறை, முன்னால் விறாந்தை, மேலே ஓடு. ஆனால் வளவு பெரியது. எங்கள் தெருவில் இந்த இடத்தில் எட்டு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். இரண்டு மா, ஒரு வேம்பு, தென்னைகள், பின்பக்கம் கட்டுக்கிணறு. நான் அறையைக் கூட்டி, சாமான்களைப் பிரித்து, அலமாரிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"பிள்ளை, கிணத்தைப் பாத்தனீங்களோ?"

பக்கத்து வளவு அம்மா. அறுபது வயது தாண்டியிருக்கும். நான் தண்ணீர் இருக்கிறது என்றேன். அது பதிலே இல்லை என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். வாளியில் அள்ளி ஒரு கை வாயில் விட்டுத் துப்பினார். "சவர் இல்லை. ஆனா கனநாள் அள்ளாத தண்ணி. இண்டைக்கு இறைச்சு ஊத்தவேணும். மகனிட்ட மோட்டர் இருக்கு, பின்னேரம் கொண்டருவான். அதுவரைக்கும் எங்கட கிணத்தில அள்ளுங்கோ."

பிறகு விறாந்தைப் படியில் உட்கார்ந்துகொண்டு, குடி போவதற்கு ஒரு வரிசை உண்டென்று சொல்லிக் கொடுத்தார். முதலில் கிணறு. அடுத்தது கக்கூசு. அதற்குப் பிறகு வேலி. கடைசியில்தான் வீடு. "வீடில்லாமல் இருக்கலாம் பிள்ளை. நாங்கள் தறப்பாளுக்குக் கீழ ஒரு வருசத்துக்கு மேல இருந்தனாங்கள். தண்ணியில்லாமல் ஏலாது."

இதைத் தத்துவமாகச் சொல்லவில்லை, சமையல் குறிப்புச் சொல்லும் குரலில் சொன்னார். 1996-இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கு ஓடியிருக்கிறார். ஊர் திரும்பி மறுபடி வீடு கட்டியிருக்கிறார். 2008 கடைசியில் மறுபடி ஓட்டம். தருமபுரம், விசுவமடு, இரணைப்பாலை, மாத்தளன் என்று ஒவ்வொரு ஊராகக் கிழக்கே நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2010-இல் திரும்பி வந்தபோது வளவில் நின்றது இரண்டு தென்னையும் கிணறும் மட்டும். கிணற்றுக்குள் என்ன கிடக்கிறதென்று பார்க்காமல் இறைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். "பாத்துத் தந்தவங்கள். பிறகு மூண்டு நாள் இறைச்சம்."

எந்த இடத்திலும் குரல் உடையவில்லை. நடுவில் எழுந்து போய் எங்கள் மாமரத்தில் ஏறிய கட்டெறும்புக்குச் சாம்பல் தூவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெளிநாட்டில் குடியேறுவது எப்படி என்று கிளம்புவதற்கு முன் எத்தனையோ காணொளி பார்த்தேன். எதிலும் கிணறு வரவில்லை.

சாயங்காலம் மகன் மோட்டரோடு வந்தார். கணவரும் வேலையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். அடியில் ஒரு அலுமினியக் குடம், கயிறு அறுந்த ஒரு வாளி, நிறைய இலைச் சேறு. இரவு எட்டு மணிக்குப் புது ஊற்று வர ஆரம்பித்தது.

புதன்

மிக்சி வேலை செய்யாது. பழுதில்லை, எங்கள் வட்டக் கம்பிப் பிளக் இங்குள்ள சதுர ஓட்டையில் நுழையாது. மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான், முனையை மாற்றினால் போதும் என்று கணவர் கழற்றி மாட்டினார். இயந்திரப் பொறியாளரைக் கட்டிக்கொண்டதன் முதல் பயன்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் போனோம். நம்மூர் ஒரு ரூபாய்க்கு இங்கே மூன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஒவ்வொரு விலையையும் மனத்துக்குள் வகுத்து வகுத்து மதியத்துக்குள் தலைவலி வந்துவிட்டது. மீனும் மரவள்ளியும் கீரையும் மலிவு. உளுந்து வகுத்துப் பார்த்தாலும் நம்மூரைவிட எக்கச்சக்க விலை. இத்தனைக்கும் வன்னி மேட்டுக்காணிகளில் மழைக்காலத்தில் உளுந்துதான் போடுகிறார்கள். கடைக்காரர் சொன்னார்: "இட்டலியோ? ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்யுங்கோ தங்கச்சி. மற்ற நாளுக்கு இடியப்பம் பழகுங்கோ." பழகிவிட்டால் கஷ்டமில்லை என்று நினைக்கிறேன். அரிசிமாவு இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் காலையில் கடையில் சூடாகக் கிடைக்கின்றன. இட்லிக்குண்டானை என்னோடு கப்பலேற்றிய அம்மாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

மோட்டார் சைக்கிள் வாங்கும் யோசனை அரை மணி நேரத்தில் கைவிடப்பட்டது. 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறி உச்சியில் உட்கார்ந்துவிட்டது. ஊரில் புதிதாகவே ஒன்று எடுத்துவிடக்கூடிய பணத்துக்கு இங்கே பத்து வருடப் பழைய வண்டி. இரண்டு லுமாலா சைக்கிள் வாங்கினோம். அவர் ஆலைக்கு ஏ9 வழியாகப் போக ஒன்று, எனக்கு ஒன்று. என் சைக்கிளில் முன்கூடை இருக்கிறது. அதைப் பார்த்து அவருக்குப் பொறாமை.

நகரத்தில் கவிழ்ந்து கிடந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். போரின் கடைசிக் கட்டத்தில் தகர்ந்து விழுந்தது. பள்ளிப் பிள்ளைகள் பேசிக்கொண்டே அதைக் கடந்து போனார்கள். நானும் கூடையில் மரவள்ளியோடு கடந்து போனேன்.

வியாழன்

குரங்குகள். விடிந்ததும் வந்து குரும்பைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போயின. 2025 மார்ச் 15-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க எல்லோரும் அவரவர் தோட்டத்தில் ஐந்து நிமிடம் நின்று குரங்கு, மயில், மரஅணில் எண்ணச் சொல்லி அரசாங்கம் கணக்கெடுத்ததாம். "எண்ணிக் குடுத்தம். அதுகள் அண்டைக்குப் பாத்து வரேல்லை" என்றார் பக்கத்து வளவு அம்மா.

நவராத்திரி நடக்கிறது. அவர் பேத்தி பள்ளிக்கூடத்துப் பூசையிலிருந்து அவலும் கடலையும் கொண்டுவந்து தந்தாள். எங்கே உங்கள் கொலு என்று கேட்டேன். படங்களை வைத்துக் கும்பம் வைப்பதுதான் வழக்கமாம். ஒன்பது படி பொம்மை என்றதும் வாயைப் பிளந்தாள். போனில் படம் காட்டினேன். வேறொன்றும் எழுதுவதற்கில்லை, வெக்கை எழுத விடவில்லை.

வெள்ளி

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். நெல்லில் விருப்பமில்லாதவர்கள் சனிக்கிழமைக்குத் தாண்டிப் போகலாம்.

பக்கத்து வளவு அம்மாவுக்கு முரசுமோட்டைப் பக்கம் வயல். மழைக்காலப் பெரும்போகச் சாகுபடிக்கு முன் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பின் கூட்டம், பொதுநோக்கு மண்டபத்தில். "நீ பயிர் படிச்சனி எல்லோ, வா" என்று கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் இரணைமடு அணைக்கட்டில் நிறுத்தச் சொன்னேன்.

பிரிட்டிஷ் காலத்தில், நூறு ஆண்டுகளுக்கு முன் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். வடமாகாணத்திலேயே பெரியது. குளம் என்றதும் என் மனத்தில் இருந்தது மன்னார்குடித் தெப்பக்குளம். இதற்கு எதிர்க்கரை தெரியவில்லை. இப்போது புரட்டாசி, கோடைச் சிறுபோகத்துக்குக் கொடுத்துவிட்டு நீர் உள்ளே போயிருக்கிறது. மேய்ச்சல் மாடுகள் குளத்தின் வயிற்றுக்குள் நிற்கின்றன. கரையில் கனகாம்பிகை அம்மன் கோயில். திருத்த வேலைக்குப் பிறகு முழுக் கொள்ளளவு 36 அடி. அந்த வேலை முடிந்து திறந்த மார்கழியிலேயே, 2018-இல், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இந்த அளவு அடி பற்றி இங்கே எல்லோருக்கும் கருத்து உண்டு. பஸ் நடத்துநர்கூட இன்றைக்கு எத்தனை அடி என்று சொல்கிறார்.

கூட்டத்தில் பேசியவை: எந்தத் திகதிக்குள் வாய்க்கால் துப்புரவு முடிய வேண்டும், விதைப்புக்குக் கடைசி நாள் எது, எந்தத் திகதிக்குள் மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். கடைசி விஷயத்துக்குத்தான் அதிகச் சத்தம். மாடு வைத்திருப்பவர்கள் எங்கே கொண்டுபோய்க் கட்டுவது என்று கேட்க, வயல்காரர்கள் வேலி அடை என்று சொல்ல, ஒரு பெரியவர் எழுந்து இரண்டு பக்கத்தையும் திட்டிவிட்டு உட்கார்ந்தார். இங்கே முடிவானதை மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுபோவார்கள், அது அரசாங்க அதிபர் (நம்மூர்க் கலெக்டர் மாதிரி) தலைமையில் நடக்கும். பெரும்போகம் பெரும்பாலும் மழையை நம்பி, குளம் அதற்குத் துணை. சித்திரைக்குப் பிறகான சிறுபோகத்துக்கு முழுக்கக் குளம்தான், அப்போது எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதைக் குளத்து அடி பார்த்து முடிவுசெய்து, உள்ளதைப் பங்குபோட்டு விதைக்கிறார்கள்.

நான் காவிரிக் கடைமடையில் பிறந்தவள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பா மட்டும். எங்கள் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை 2007-இல் நடுவர் மன்றம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றம் திருத்தி 177.25 டி.எம்.சி. என்றது. என் தாத்தா ஒருநாளும் அணையின் அளவுக் கம்பை நேரில் பார்த்ததில்லை, வானொலியில் கேட்பார். இங்கே விதைக்கிறவர்கள் குளக்கரையில் நின்று கண்ணால் அளந்துவிட்டு வந்து சண்டை போடுகிறார்கள். சண்டை அதேதான். ஆனால் யாரோடு என்பது தெரிந்த சண்டை.

கூட்டம் முடிந்து பிளேன்ரீ (பாலில்லாத தேநீர்) குடிக்கும்போது இன்னொரு கதை வந்தது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம். இந்தக் கமக்காரர்கள் எதிர்த்தார்கள். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் கட்டி 2024-இல் திறந்தார்கள். "குடிக்கக் கேட்டா இல்லையெண்டு சொல்லுறதோ எண்டு எங்களைப் பேசினவை. குளம் வத்தினா எங்கட வயலுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார் ஒருவர். என் வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் கேட்கிற பக்கத்தின் பேச்சைத்தான் கேட்டிருக்கிறேன். வைத்திருக்கிற பக்கம் எப்படிப் பேசும் என்று இன்றைக்குத்தான் கேட்கிறேன், அதுவும் என் மொழியிலேயே. கர்நாடகத்து மண்டியா விவசாயி ஒருவரை நான் உட்கார்ந்து கேட்டதில்லை. அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மா விதைநெல் காட்டினார். விற்பதற்கு வேறு நெல், வீட்டுச் சாப்பாட்டுக்கு மொட்டைக்கறுப்பன். சிவத்த அரிசி. ஒரு கொத்து அளந்து தந்தார். கணவர் ஆலைக்காரர் தோரணையில் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார், அம்மா சிரித்துவிட்டார்.

சனி

புரட்டாசிச் சனி. எங்கள் வீட்டில் இன்றைக்குப் பெருமாளுக்கு மாவிளக்கு. இங்கே சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் விளக்கு, காகத்துக்குச் சோறு. நான் இரண்டையும் செய்தேன், கேட்பதற்கு மாமியார் இல்லை.

மதியம் வளவில் தென்னோலை வெட்ட ஒரு ஐயா வந்தார். பாரதிபுரத்துக்காரர். நான் பேசிய இரண்டாவது வாக்கியத்தில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க எந்தப் பக்கம்மா? தஞ்சாவூரா? எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கம்னு அப்பா சொல்வாரு. ஊரு பேரு தெரியாது."

பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். இலங்கையின் 1948 சட்டத்தில் குடியுரிமை இல்லாமல் போன தோட்டத் தமிழர் தலைமுறையின் பிள்ளை. 1964-இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டு அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்தக் கணக்கில் இவர் அண்ணன் இந்தியா, இவர் இலங்கை. அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்குப் போய் அங்கேயும் தேயிலைதான். 1977 கலவரத்தில் தோட்டத்து லயம் எரிந்தபோது இவர் குடும்பத்தோடு வன்னிக்கு ஓடிவந்தார். அப்போது இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள், காட்டை வெட்டிக் குடியிருந்தார்கள்.

"எங்க தாத்தா அங்கருந்து இங்க வந்தாரு. அண்ணன் இங்கருந்து அங்க போனாரு. இப்ப நீங்க அங்கருந்து இங்க. கப்பல்காரனுக்குத்தாம்மா வருமானம்."

இவரும் 2009 வரை ஓடினார், முகாமில் இருந்தார், திரும்பினார். ஆனால் பக்கத்து வளவு அம்மாவைப் போலத் திரும்புவதற்கு வயல் இல்லை. குளத்து வாய்க்கால் பாயும் நிலம் அதற்கு முன்பே குடியேற்றத் திட்டங்களில் வந்தவர்களிடம் இருக்கிறது. பின்னால் வந்தவர்களுக்கு மேட்டுக்காணி, கூலிவேலை. காணிப் பத்திரம் கைக்கு வரப் பல வருடம் நடந்திருக்கிறார்.

இதில் எனக்கு உறுத்திய ஒன்று உண்டு. தேநீர் கொடுத்தபோது அவர் படியில் உட்காரவில்லை, கிணற்றடிக்குப் போய் நின்று குடித்தார். நான் கூப்பிட்டும் வரவில்லை. "அந்தப் பக்கத்து ஆக்கள்" என்று ஊரில் சிலர் சொல்லும்போது குரலில் ஒரு இறக்கம் இருப்பதைச் சந்தையிலேயே கவனித்திருந்தேன். பத்து ஊர் மாறி ஓடியவர்களுக்குள்ளும் முதலில் வந்தவர், பிறகு வந்தவர் என்ற வரிசை இருக்கிறது. நாங்கள் நேற்று வந்தவர்கள், ஆனால் இந்தியாவிலிருந்து பொறியாளராக வந்ததால் எங்களுக்கு விறாந்தையில் நாற்காலி போடுகிறார்கள். அவருடைய தாத்தாவும் அங்கிருந்துதான் வந்தார். யார் யாரைவிடப் புதியவர் என்று இனிமேல் நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை.

ஓலைக்குக் கூலி வாங்கும்போது, புதுக்கோட்டையில் ஐயனார் கோயில் இருக்கிற ஊர் எதுவென்று கேட்டார். எல்லா ஊரிலும் இருக்கிறது என்றேன்.

ஞாயிறு

கணவருக்கு விடுமுறை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு பஸ். செவ்வாய்க்கிழமை கேட்ட ஊர்களெல்லாம் வரிசையாகப் பலகைகளில் வந்தன: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. பக்கத்து வளவு அம்மா நடந்த வழி. நாங்கள் ஜன்னலோர இருக்கையில் கச்சான் (வேர்க்கடலை) கொறித்துக்கொண்டு போனோம். புதுக்குடியிருப்பைத் தாண்டியதும் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டேன்.

முள்ளிவாய்க்காலில் பஸ் நிற்கிறது, ஆட்கள் இறங்குகிறார்கள், காய்கறிப் பை ஏறுகிறது. வட்டுவாகல் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல். 2025 செப்டம்பரில் புதுப் பாலத்துக்கு வேலை தொடங்கியிருக்கிறார்கள். 2009 மே மாதம் இந்த இடத்தைக் கடந்தவர்களைப் பற்றி நாங்கள் ஊரில் எவ்வளவோ கோஷம் போட்டிருக்கிறோம், கல்லூரியில் நானே ஊர்வலத்தில் போயிருக்கிறேன். பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்த அந்த இரண்டு நிமிடம் அவரும் நானும் எதுவும் பேசவில்லை. முன் இருக்கைப் பெண் குழந்தைக்கு மீன்கொத்தி காட்டிக்கொண்டிருந்தாள்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். நண்டு விலை கேட்டோம். விலை சொன்னவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தியாவோ? எவ்விடம்?"

"மன்னார்குடி. நாகப்பட்டினம் பக்கம்" என்றார் கணவர். நாகப்பட்டினத்தைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"உங்கட ஆக்கள்தான் றோலரில வாறது. எங்கட வலையை அறுத்துக்கொண்டு போறவை. ஒரு செற் வலை என்ன விலையெண்டு தெரியுமோ தம்பி?" கத்தவில்லை. கணக்குப் பார்க்கிறவர் குரல். போர்க்காலத்தில் கடலில் இறங்கவே விடவில்லை, 2009-க்குப் பிறகுதான் திரும்ப இறங்கினோம், இறங்கிப் பார்த்தால் இழுவைப்படகுகள் நிற்கின்றன என்றார். கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடைசெய்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு, சிறைபிடிப்பும் படகுப் பறிமுதலும் வாரம் தவறாமல் செய்தியில் வரும். ஊர் செய்தித்தாளில் இந்த மனிதர் வருவதில்லை. அதில் வருவது கடற்படை மட்டும்.

கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார், நான் கையைப் பிடித்தேன். இரண்டு கிலோ நண்டு வாங்கினோம். அவர் எங்களுக்காக ஒரு நண்டு அதிகம் போட்டார். "சமைக்கத் தெரியுமோ? முருங்கையிலை போட்டு வையுங்கோ" என்றார். கோபமும் கூடுதல் நண்டும் ஒரே கையிலிருந்து வந்ததை பஸ்ஸில் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தோம். கணவர் படகுக்காரர்களின் கடனைப் பற்றிச் சொன்னார், நான் வலையைப் பற்றிச் சொன்னேன். ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளம் வந்து ஏ9 பிடித்தோம். அந்தக் காட்டுவழியில் இருட்டினால் யானை வரும் என்று ஓட்டுநர் விரட்டினார். முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லா வண்டியும் நிற்பதுபோல் எங்கள் வண்டியும் நின்றது. அவர் சிதறுகாய் உடைத்தார், நான் மறுபடி கச்சான் வாங்கினேன். வாக்குவாதம் வீட்டுப் படலைவரை வந்து, நண்டு உரிக்கும்போதுதான் முடிந்தது.

திங்கள்

காலையில் கிராம சேவையாளர் அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தோம். படிவம், கடவுச்சீட்டுப் பிரதி, வீட்டுக்காரர் கடிதம். அதிக நேரம் ஆகவில்லை. கொழும்பில் செய்ய வேண்டிய விசா வேலை மிச்சமிருக்கிறது, அதற்கு இரவு ரயில். 1990-இல் நின்றுபோன ரயில் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது 2013-இல். இரவில் அது போகும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கிறது.

சாயங்காலம் சைக்கிளில் ஒருவர் வந்தார். கையில் நீளப் புத்தகம், ரசீதுக் கட்டு. பக்கத்து வளவு அம்மா கூடவே வந்து நின்றார், ஆள் அனுப்பியது அவர்தான் என்று தெரிந்தது. நூல்நிலையமோ கோயில் திருவிழாவோ என்று நினைத்து நான் பணப்பையை எடுத்தேன்.

"மரண உதவிச் சங்கம்" என்றார் வந்தவர். "குடும்பத்துக்கு ஒரு அங்கத்துவம். ஒரு செத்தவீடு எண்டா பந்தல், கதிரை, தேத்தண்ணிச் செலவு சங்கம் பாக்கும். ஆக்கள் வந்து நிப்பினம். மற்ற வீட்டில நடந்தா நீங்கள் போய் நிக்கவேணும். அவ்வளவுதான்."

எனக்கு இருபத்தாறு வயது, கணவருக்கு இருபத்தொன்பது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சொன்னார்: "இல்லங்க அண்ணே, நாங்க ரெண்டு வருஷத்துக்குத்தான் வந்திருக்கோம். ஒப்பந்தம் அவ்வளவுதான்."

வந்தவர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "ஏன் தம்பி, ரெண்டு வருசத்துக்குள்ள ஆரும் சாகேலாதோ?"

பக்கத்து வளவு அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாதச் சந்தா நூறு ரூபாய். என் பெயரில் எழுதச் சொன்னேன். புதன்கிழமை வட்டக்கச்சி வீதியில் ஒரு எட்டுச் செலவு (இறந்தவருக்கான எட்டாம் நாள் சடங்கு) இருக்கிறது, கதிரை அடுக்கக் கணவரும் தேங்காய் துருவ நானும் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும்.